வெட்டாமல் வைத்த துணி

கழுத்தில் இஞ்சு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற பெண்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. கடைக் கண்ணாடியில் நானே அப்படித்தான் நிற்கிறேன், அதனால் ஆத்திரம் என் மேலேயே வருகிறது. இருபத்திரண்டு வருஷமாக ஆல்ட்டரேஷன் கடையில் தைக்கிறேன். ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே இடுப்பு எவ்வளவு, தோள் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன், அரை இஞ்சு பிசகாது. இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் உடம்பு உருகிக்கொண்டே போனதை ஐந்து மாசம் நான் கவனிக்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பார்த்தேன், அளந்தேன், தேதி போட்டு எழுதியும் வைத்தேன்.

அவர் பத்தொன்பது வருஷம் ஒரு கிடங்கில் சரக்கு பார்த்தவர். கம்பெனி கொடுத்த நீலச் சட்டை, நீல பேன்ட், வருஷத்துக்கு இரண்டு ஜோடி, அதுதான் அவருக்குத் தெரிந்த உடுப்பு. கிடங்கை மூடினார்கள். ஐம்பத்தோரு வயசு ஆளை யார் எடுப்பார்கள் என்று நாங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரிய வக்கீல் அலுவலகத்தில் ஆவணப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். எந்தக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆறு மாசம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம்.

வேலைக் கடிதத்தோடு இன்னொரு தாளும் வந்தது. முழுக்கைச் சட்டை, டை, கறுப்பு ஷூ, வெளியாட்கள் வரும் நாளில் கோட்டு. கடைசி வரி, ஒரே உடையை அடுத்தடுத்து அணிந்து வருவதைத் தவிர்க்கவும். அதைப் படித்துவிட்டு இவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இது நமக்குச் சரிப்படாது. என்கிட்ட இருக்கிறது கல்யாண பேன்ட் ஒண்ணு. அதுக்குள்ள இப்ப என் ஒரு கால்தான் நுழையும்."

"கட்டுன பொண்டாட்டி டெய்லரா இருக்கும்போது என்ன பேச்சு இது? எழுந்து நேரா நில்லுங்க" என்று டேப்பை எடுத்தேன்.

"சரிங்க மாஸ்டர்."

கேலியாகத்தான் மாஸ்டர் என்று கூப்பிடுவார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே என் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

"தொப்பையை உள்ள இழுக்காதீங்க. நாள் பூரா இழுத்துப் பிடிச்சிட்டா உக்காந்திருக்கப் போறீங்க?"

மூச்சை விட்டார். முப்பத்தாறு இஞ்சு. ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதினேன்.

ஒரு அலமாரியை எப்படி நிரப்புவது என்று மூன்று நாள் யோசித்தேன். கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கி அடுக்குவது முட்டாள்தனம். எந்தச் சட்டையை எடுத்தாலும் எந்த பேன்ட்டோடும் ஒத்துப்போக வேண்டும், ஒன்றுகூட அனாதையாகத் தொங்கக் கூடாது, அதுதான் என் கணக்கு. அதனால் மூன்று பேன்ட், கரும்சாம்பல், கருநீலம், அடர் பழுப்பு. ஐந்து சட்டை. வெள்ளை இரண்டு, வெளிர்நீலம் ஒன்று, மெல்லிய கோடு போட்டது ஒன்று, தந்த நிறத்தில் ஒன்று. மூவைந்து பதினைந்து. பதினைந்து வேலை நாள், அதாவது மூன்று வாரம், ஒரே ஜோடி திரும்ப வராது. டை இரண்டு இருந்தால் ஆறு வாரம் ஓட்டிவிடலாம். கருநீலக் கோட்டு ஒன்றே போதும், மூன்று பேன்ட்டுக்கும் அது சேரும். பழுப்பு ஷூ வேண்டும் என்று இவர் ஆசைப்பட்டார். கறுப்பில் மட்டுமே ஷூவும் பெல்ட்டும் வாங்கிக் கொடுத்து அந்த ஆசையை அடக்கினேன்.

கோட்டு பழையது. ஒருவர் ஆல்ட்டருக்குக் கொடுத்துவிட்டு, வேண்டாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனது. மற்றதெல்லாம் நானே வெட்டி நானே தைத்தேன். பேன்ட்டின் பின்தையலில் இரண்டு இஞ்சும் பக்கத் தையல்களில் ஒன்றரை இஞ்சும் துணியை உள்ளே விட்டுத் தைத்தேன். கடையில் துணி வெட்டுகிற கட்டர், சின்ன வயசுக்காரன், வாய் கொஞ்சம் நீளம், "என்னக்கா, அண்ணன் இன்னும் ஊதுவார்னு எதிர்பார்க்கறீங்களா?" என்று கேட்டான். உட்கார்ந்து பார்க்கிற வேலை, சதை போடத்தான் செய்யும், அப்போது பிரித்துவிடத் துணி வேண்டாமா என்றேன். பிரிப்பதற்கு என்று நினைத்துத்தான் அவ்வளவு துணியை உள்ளே வைத்தேன்.

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, எந்த நாளுக்கு எந்த ஜோடி என்று கட்டம் போட்டு எழுதினேன். முதல் நாள் காலையில் கரும்சாம்பல் பேன்ட், வெள்ளைச் சட்டை, கருநீல டை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாருடி இந்த ஆளு? நம்ம வீட்ல என்ன பண்றான்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. படி இறங்கிப் போகும்போது பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு பாக்கெட்டும் அதனதன் இடத்தில் இருந்தன, தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. இந்த ஜென்மத்தில் நான் தைத்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடும்போது இவர் வந்து, "மாஸ்டர், பெல்ட்டு அடுத்த ஓட்டைக்குப் போயிடுச்சு" என்றார். அளந்தேன். முப்பத்தைந்தேகால். அலுவலகத்துக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நல்ல நடை, மேலே மூன்று மாடி ஏற வேண்டும், கிடங்கு கேன்டீனில் எண்ணெய்ப் பலகாரமாகத் தின்ற ஆள் அதை விட்டுவிட்டார். இறங்கத்தானே செய்யும்? எனக்கு மனசுக்குள் பெருமைதான். மூன்று பேன்ட்டையும் பின்தையலில் சுருக்கிப் பிடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு எங்களுக்கு அளவு பார்க்கிற நாளாகிவிட்டது. அவர் நிற்பார், நான் அளப்பேன், எழுதுவேன், மாலைக்குள் பிடித்துத் தைத்துவிடுவேன். திங்கட்கிழமை காலை அவர் போடுகிற எதுவும் தொளதொளவென்று இருந்ததே கிடையாது.

மூன்றாம் மாசம் அலுவலகத்தில் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசும்போது பெரிய வக்கீலம்மா இவரை எழுப்பி நிறுத்தி, "உடுத்தினா இவரை மாதிரி உடுத்தணும்" என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியில் அப்படியே கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். தட்டில் வைத்ததில் பாதியை வைத்துவிட்டார். "முதுகு வலிக்குது, குனிஞ்சு குனிஞ்சு கட்டு எடுக்கறேன் இல்ல" என்றார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, மறுநாள் கோடு போட்ட சட்டைக்கு எந்த டை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மாசங்களில் நான் அவரைக் கழுத்துக்குக் கீழேதான் பார்த்தேன், இது சத்தியம்.

நான்காம் மாசம் என் நாத்தனார் வந்தார். இவருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னடா தம்பி இது, பாதி ஆளாயிட்ட?" என்று கேட்டார். இவர் சிரித்து மழுப்பினார். அண்ணி விடவில்லை. என் பக்கம் திரும்பி, "சோறு போடறியா இல்லையாம்மா நீ?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பிள்ளை இல்லை என்று இருபது வருஷமாக ஜாடைமாடையாகக் கேட்ட பேச்செல்லாம் அந்த ஒரு கேள்வியில் சேர்ந்து வந்து நின்றது. இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினேன்.

"நல்லாப் பாருங்க அண்ணி. எங்க லூஸா இருக்கு, காட்டுங்க பாப்போம். இடுப்புல ஒரு விரல் நுழையுதா? தோள் இறங்கியிருக்கா? எளைச்ச ஆளுக்குத் துணி இப்படியா உக்காரும்?"

அவரை அப்படியே சுற்றிக் காட்டினேன். இவரும் கையை விரித்துக்கொண்டு பொம்மை மாதிரி சுற்றினார். அண்ணி என் தையலைப் பார்க்கவே இல்லை, தம்பி முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணி சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்ப கண்ணு வெக்காம இருங்க. ஐம்பது வயசுக்கு மேல ஒரு மனுஷன் நல்லா இருந்தா சொந்தத்துக்கே பொறுக்காது போல."

காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போய்விட்டார். போனால் போகட்டும் என்றேன். அன்றைக்கு இடுப்பு முப்பத்தொன்றரை. நோட்டில் இருக்கிறது.

பிறகு ஒரு வாரம் வெள்ளைச் சட்டை போட்டபோது இவர் முகம் என்னவோ மங்கலாக, பழுப்படித்த மாதிரி தெரிந்தது. வெள்ளை இவர் நிறத்துக்கு எடுக்கவில்லை என்று முடிவு பண்ணினேன். கதவில் ஒட்டிய தாளில் வெள்ளையை அடித்துவிட்டு, வெளிர்நீலத்தில் இன்னொன்று தைத்துப் போட்டேன். நீலத்தில் முகம் தேவலை. என் சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

பின்பாக்கெட் இரண்டும் அதற்குள் ஒன்றோடொன்று ஒட்ட வந்துவிட்டன. பின்தையலில் பிடிக்கப் பிடிக்க அவை நடுவுக்கு நகரும், அது எல்லா டெய்லருக்கும் தெரியும். பக்கத் தையல்களிலும் பிடித்துப் பார்த்தேன், அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. கட்டர் அந்த பேன்ட்டை மேசையில் விரித்துப் பார்த்துவிட்டு, "பாக்கெட் ரெண்டும் காதுல ரகசியம் பேசுதுக்கா. உள்ள இருக்கிற துணியை வெட்டி எறிஞ்சிட்டுப் பாக்கெட்டைப் புதுசாப் போடுங்க" என்றான். கத்தரியைக் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை. நாளைக்கே சதை போட்டால் என்ன செய்வது என்று சொல்லி மடித்துப் பையில் வைத்தேன். சனிக்கிழமை கோட்டு அளவு பார்க்க இவரைக் கடைக்கே வரச் சொன்னேன். வீட்டு வெளிச்சத்தைவிடக் கடை வாசல் வெளிச்சம் நல்லது.

வந்தார். வாசல் பக்கம் நிறுத்திக் கோட்டைப் போட்டுவிட்டு, தோளில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். கட்டர் டீயோடு வெளியிலிருந்து வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, கோட்டை விடுங்க."

"ஏன், கை சரியில்லையா?"

"கோட்டை விடுங்கக்கா. அண்ணன் கண்ணைப் பாருங்க."

வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைவிழி முழுக்க மஞ்சள். வாசல் வெளிச்சத்தில் கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிந்து, கச்சிதமான கோட்டுக்குள் யாரோ ஒரு வயசான ஆள் நின்றுகொண்டிருந்தார். அண்ணி பார்த்த முகம் அதுதான்.

பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார். "மஞ்சள் இப்பதான் வந்திருக்கு, சரி. ஆனா எடை ரொம்ப இறங்கியிருக்கே. உங்களுக்குத் தெரியலையா? பேன்ட் சட்டையெல்லாம் லூஸாகலையா?"

"இல்லைங்க டாக்டர்" என்றார் இவர். அந்த நிலையிலும் முகத்தில் ஒரு பெருமை. "எதுவும் லூஸாகலை. எல்லாம் கச்சிதமா இருந்துச்சு. எங்க வீட்ல இவங்க டெய்லர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். மறைக்கத் தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டு படித்தார். முப்பத்தாறு, முப்பத்தைந்தேகால், முப்பத்து நான்கரை என்று இறங்கி இறங்கிக் கடைசி வரி இருபத்தொன்பதரை. எந்தத் தேதியும் விட்டுப்போகவில்லை.

"இவ்வளவு சுத்தமா எந்தப் பேஷன்ட் வீட்லயும் எழுதி வெச்சு நான் பார்த்ததில்லை" என்றார். "இந்த மூணாவது மாசத்துல காட்டியிருந்தா..." என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார். பிறகு தனியாகக் கூப்பிட்டு எனக்குச் சொன்னார். கணையத்தில் கட்டி, ஈரல் வரைக்கும் போய்விட்டது, அறுவை செய்கிற கட்டம் தாண்டிவிட்டது. வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வயிற்றில் நீர் கோக்கும், வயிறு பெருத்தால் பயப்படாதீர்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். பயப்படாதீர்கள் என்று என்னிடம் போய்ச் சொன்னார்.

இவரிடம் கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அண்ணியிடம் போனில், "மஞ்சக்காமாலைக்கா, சரியாயிடும்" என்று அவரே பேசினார். போனை என்னிடம் நீட்டியபோது கை வேலையாக இருக்கிறேன் என்று சைகை காட்டி அடுப்படிக்குள் போய்விட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்தபோது அந்தக் கடிதம் வந்தது. பணி நிரந்தரம் செய்யப்படுகிறது, நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வேறு நாளாக இருந்தால் அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன். இவர் நாலு முறை படித்தார். "கோட்டு போட்டுட்டுத்தான் போவேன்" என்றார்.

கையெழுத்துப் போடப் போகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கரும்சாம்பல் பேன்ட்டைப் போட்டுப் பார்த்தார். கொக்கி மாட்டவில்லை. அரைச் சாணுக்கு மேல் இடைவெளி. இழுத்துப் பார்த்தார், மூச்சு வாங்கியது, கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"மாஸ்டர்! டேப்பை எடுத்துட்டு வா."

"அப்புறம் பாக்கலாம்ங்க."

"எடுத்துட்டு வான்னா."

எழுந்து நின்றார். தொடை இரண்டும் என் கை அகலம்தான் இருந்தது. வயிறு மட்டும் தோல் பளபளத்து முன்னால் நின்றது. டேப்பைச் சுற்றினேன். முதல் தடவை வந்த எண்ணை நான் நம்பவில்லை. மறுபடி சுற்றினேன்.

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சரை."

"பாத்தியா!" என்று என் தோளைத் தட்டினார். "பத்து நாள்ல ஆறு இஞ்சு. மருந்து வேலை செய்யுது. நீ சொன்னியே, திரும்பச் சதை போடும்னு, அந்தத் துணியை வெட்டிட்டியா வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"எழுது, நோட்ல எழுது."

எழுதினேன். அப்புறம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஐந்து மாசத்துத் தையல், ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து வரி. பிரிக்கப் பிரிக்கப் பாக்கெட் இரண்டும் விலகி விலகிப் பழைய இடத்துக்குப் போயின. உள்ளே இருந்த துணி வெயில் படாததால் கொஞ்சம் அடர்த்தியாக, புதுசாக இருந்தது. அதில் பழைய தையல் ஓட்டைகள் வரிவரியாகத் தெரிந்தன. ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தேன், போகவில்லை. கோட்டு மறைத்துவிடும் என்று விட்டுவிட்டேன். பாவி, அப்போதும் எது மறையும் எது தெரியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையெழுத்துக்குப் போகிற காலையில் வெள்ளைச் சட்டைதான் வேண்டும் என்றார், முதல் நாள் போட்டது. கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. டையை இறுக்கிக் கட்டி அதை மூடினேன். இடுப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே இரண்டு காலும் துணிக்குள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. டாக்ஸிக்குச் சொல்லியிருந்தோம், வரப் பத்து நிமிஷம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஷூ மாட்டக் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்.

"அக்காவுக்கு ஒரு போன் போடு. நீயே பேசு. இன்னும் எத்தனை நாளைக்கு முறைச்சிட்டு இருப்பீங்க ரெண்டு பேரும்? பாதி ஆளாயிட்டேன்னு சொன்னாள்ல, முழு ஆளாயிட்டேன்னு சொல்லு."

மறுக்க வழியில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டேன். அண்ணி எடுத்தார்.

"அண்ணி, நான்தான்" என்றேன். "உங்க தம்பி சொல்லச் சொன்னாரு. இடுப்பு பழையபடி ஏறிடுச்சாம். பேன்ட்டெல்லாம் பிரிச்சு விட்டேன்."

அண்ணி தன் கணவரை இரண்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர், ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்து இறந்துபோனவர் அவர். மெதுவாகக் கேட்டார்.

"வயிறு மட்டுமா?"

"ஆமாண்ணி."

"ஐயோ, என் தம்பி" என்றார். போனைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நான் கிளம்பி வர்றேன்மா, நீ தனியா இருக்காத" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்ன சொல்றா அக்கா?" என்று கட்டிலிலிருந்து கேட்டார்.

"சந்தோஷப்படறாங்க" என்றேன். "உங்களைப் பார்க்க வர்றாங்களாம்."

"வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து கண்ணாடி முன்னால் நின்றார். பக்கவாட்டில் திரும்பி வயிற்றைத் தடவிப் பார்த்தார். கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிவிட்டேன்.